மூன்றாவது பூனை

“கட்டி தட்டாத கேட் லிட்டர் ரெண்டு மூட்டை குடும்மா,” என்றார் தளவாய்.

“எத்தனை பூனை வளக்குதிய அண்ணாச்சி?” தென்காசியில் செல்லப்பிராணிக் கடை வைத்திருக்கும் மாரிச்செல்வி கேட்டாள்.

“மூணு. வெள்ளையன், கருப்பி... மூணாவதுக்கு இன்னும் பேரு வைக்கல.”

பூனையே இல்லாத தளவாய் கூசாமல் புளுகினார். ஐந்தருவியில் கள்ளிச்செடி விற்பவர் அவர். பூனை மலஜலம் கழிப்பதற்கென்று விற்கும் அந்தக் களிமண் குருணையைத் தொட்டி மண்ணில் கலந்தால் தண்ணீர் தேங்காது. சாரலிலும் வேர் அழுகாது. பக்கத்துக் கடைக்காரர்கள் மோப்பம் பிடித்துவிட்டால் பிழைப்பு போச்சு!

மாரிச்செல்வி மூட்டைகளை எடுத்து வைத்தாள்.

“ஐந்தருவியில செடி விக்கிற நாலு பேருமே இங்கனதான் வாங்குதாவ. எல்லாரு வீட்டுலயும் மூணு நாலு பூனையாம். எனக்கு ஒரு சந்தேகம் அண்ணாச்சி.”

“என்னது?”

“பேருக்காவது ஒருத்தராச்சும் பூனைக்குத் தீனி வாங்கப்படாதா?”