புகைபோக்கியின் வயிற்றில் ஒரு வாசகம்

டீக்கடையில் சாமி படத்துக்கு ஏற்றி வைத்த ஊதுபத்தி, பாதியிலேயே தன்னை அணைத்துக்கொண்டது.

"என்னடா ஆச்சு? இன்னும் போணிகூட ஆகலையே!" என்று பதறியது வெந்நீர் பாய்லர். அந்த மணம் இல்லாவிட்டால் அதற்குப் பொழுதே விடியாது.

"எதிரே பாருங்கக்கா" என்றது ஊதுபத்தி.

எதிரே ஆலையின் புகைபோக்கி நெடுநெடுவென்று நின்றது. 'புகையைக் குறைப்போம், பூமியைக் காப்போம்' என்று அதன் வயிற்றில் ஆள் உயர எழுத்தில் எழுதியிருந்தது.

"வானம் இப்படிக் கறுத்துக் கிடக்கே, என்னாலதான்க்கா."

"அட என் செல்லமே! உன் புகை அந்தச் செவுத்துக் காலண்டரைத் தாண்டியிருக்கா? இரு, அந்தப் புகைபோக்கி அண்ணன்கிட்டயே கேட்போம்" என்ற பாய்லர், தெருவைத் தாண்டிக் குரல் கொடுத்தது. "அண்ணே, உங்க வயித்துல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

குபுகுபுவென்று கரும்புகை விட்டுக்கொண்டிருந்த புகைபோக்கி வெள்ளந்தியாகச் சிரித்தது. "குனிஞ்சு பார்க்க முடியுமாம்மா என்னால? வருஷா வருஷம் ஆள் வெச்சு புது பெயின்ட் அடிக்கிறாங்க. ஏன் கேக்குற?"

"புகையைக் குறைக்கணும்னு போட்டிருக்குண்ணே. அதைப் படிச்சிட்டு எங்க சின்னப்பய அணைஞ்சே போயிட்டான்."

"தங்கமான பிள்ளை!" என்று மனசார மெச்சியது புகைபோக்கி. "ஆனா அது எனக்கு எழுதினது இல்லம்மா. எனக்குன்னா உள்பக்கமால்ல எழுதியிருப்பாங்க!"

ஊதுபத்தி அந்தப் பெரிய எழுத்துகளை இன்னொரு முறை படித்தது. பிறகு, "அக்கா, ஒரு பொறி நெருப்பு குடுங்க" என்றது.