கல்லாவுக்கு அடியில்

மளிகைக் கடை வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றதும், எலியேசர் வலது கையைக் கல்லாவுக்கு அடியில் விட்டான்.

அங்கே என்ன இருக்கிறதென்று தெருவில் அத்தனை பேருக்கும் தெரியும். கொலம்பியப் பட்டாளத்தில் இருபது வருஷம் காடு மலையெல்லாம் அலைந்த சார்ஜெண்ட், ஓய்வு பெறும்போது வெறுங்கையோடா வருவான்? துப்பாக்கியைக் கையில் கொடுத்துத்தான் வீட்டுக்கு அனுப்புவார்களாம். முடிவெட்டுகிற ஹசிந்தோ சொன்னான். ஊரே தலையாட்டியது.

எலியேசர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அந்த மௌனத்தில்தான் கடை ஓடியது. மலையிலிருந்து இறங்கும் பையன்கள் கடை கடையாக மிரட்டித் தண்டல் வாங்குவார்கள். ஊரில் அதற்குத் தடுப்பூசி என்று பெயர். போட்டுக்கொள்ள மறுத்த கறிக்கடைக்காரனைப் போன மாதம் ஆற்றிலிருந்துதான் எடுத்தார்கள். ஆனால் எலியேசரின் கை கல்லாவுக்கு அடியில் போவதைப் பார்த்தால், அவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

அங்கே இருந்தது வெல்லம் உடைக்கிற கல்.

மனைவி நூபியாவிடம்கூட அவன் இதைச் சொன்னதில்லை. அவன் ஓய்வு பெற்று வந்த அன்றைக்குத்தான், பல வருஷத்துக்குப் பிறகு அவள் குறட்டை விட்டுத் தூங்கினாள். அதைக் கெடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

இன்றைக்கு வந்தவன் புதுப் பையன். வாசலில் நிற்கவில்லை. படியேறி உள்ளே வந்தான்.

எலியேசர் பிடியை இறுக்கினான். வியர்த்த கையில் கல் வழுக்கியது.

சமையலறையிலிருந்து நூபியா மக்காச்சோள மாவு அப்பிய கையோடு பாய்ந்து வந்தாள்.

“டேய், என் புருஷன் கை எங்க இருக்குன்னு பாத்தியா? அவருக்குக் குறி தப்புனதே கெடையாது. உசுரு மேல ஆசை இருந்தா ஓடிரு!”

பையன் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குதிகால்களைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, எலியேசருக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான்.

எலியேசருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடடே, பட்டாளத்துப் பையன்! நம்ம ஆள். ஒரே அண்டாச் சோற்றைத் தின்றவன். நம்மை ஒன்றும் செய்ய மாட்டான்.

பையன் கல்லாமீது சாய்ந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினான்.

“கைய வெளிய எடுங்க சார்ஜெண்ட், மரத்துப்போயிரப் போவுது. எல்லாத்தையும் ஒப்படைச்சாத்தானே நம்மள வெளிய விடுவாங்க? நானும் இப்பத்தான் ஒப்படைச்சுட்டு வந்தேன். இது வெளிய வந்த பெறகு மலையில இருக்கறவங்க குடுத்தது.”

சட்டையைக் கொஞ்சம் தூக்கி, இடுப்பில் செருகியிருந்த துப்பாக்கியைக் காட்டினான்.

எலியேசர் கையை மெதுவாக வெளியே எடுத்தான்.

இதோ சுடப்போகிறான் என்று, நூபியா மாவுக் கையாலேயே இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.