நரம்பு பிடிபட்ட நாள்

"நீங்க கையை அசைக்கவே கூடாதும்மா. ஊசி இப்ப அவன்கிட்ட இருக்கு" என்றார் நர்ஸ்.

அம்மா தலையாட்டினாள். சொல்வது சுலபம். ஒன்பது வருஷமாக அந்த ஊசி அவளிடம்தான் இருந்தது.

மகனுக்குப் பிறவியிலேயே ரத்தம் சரியாக உறையாத நோய். லேசாக இடித்துக்கொண்டாலே மூட்டுக்குள் ரத்தம் கசிந்து முழங்கால் பூசணிக்காயாக வீங்கிவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் நரம்பில் மருந்து ஏற்றியாக வேண்டும். அவனுக்கு நாலு வயதானபோது அவளே போடக் கற்றுக்கொண்டாள். காலை ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் ஊசி போட்டுவிட்டுத்தான் தபால் அலுவலகத்துக்குக் கிளம்புவாள். காய்ச்சலில் கிடந்த நாட்களில்கூட எழுந்து வந்து போட்டிருக்கிறாள்.

இப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது. அடுத்த மாதம் பள்ளியிலிருந்து நட்சத்திரம் பார்க்கும் முகாமுக்குப் பத்து நாள் கூட்டிப்போகிறார்கள். தானே ஊசி போட்டுக்கொள்ளத் தெரிந்தால் அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானும் கூட வருகிறேனே என்று அம்மா கேட்டுப் பார்த்தாள். அவன் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால்தான் இந்தச் சனிக்கிழமை காலை, ஆஸ்பத்திரியின் சின்ன அறையில் மூவரும்.

நர்ஸ் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டினார். கண்ணை நம்பாதே, விரலை நம்பு, அழுத்தினால் எங்கே துள்ளுகிறதோ அங்கேதான் நரம்பு என்றார். அவன் தடவித் தேடினான். குத்தினான். ஊசியோடு இணைந்த குழாயில் ரத்தம் வரவில்லை.

"வலிக்குதா?" என்று கேட்டார் நர்ஸ்.

"வலிக்கல" என்றாள் அம்மா, முந்திக்கொண்டு.

இரண்டாவது தடவை நரம்பு நழுவியது. தோலுக்கடியில் நீலமாகப் புடைத்துக்கொண்டு வந்தது. நர்ஸ் பஞ்சை வைத்து அழுத்தினார். மகனின் நெற்றி முழுக்க வியர்வை. ஊசியைத் தட்டில் போட்டுவிட்டான்.

"என்னால முடியலம்மா. எப்பவும்போல நீயே போட்டுவிடு. முகாமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

சரி என்ற வார்த்தை அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் போட்டால் அரை நிமிஷ வேலை. ஆனால் அவள் கற்றுக்கொண்ட முதல் நாள் ஞாபகம் வந்தது. அந்தப் பிஞ்சுக் கையில் மாற்றி மாற்றிக் குத்தியதும், அவன் வீறிட்டதும், பிறகு அவள் குளியலறையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுததும்.

"மாட்டேன். நான் ஏழு தடவை தப்பா குத்தினவ. உனக்கு ரெண்டுதான் ஆகியிருக்கு. இன்னும் அஞ்சு பாக்கி இருக்குடா."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நர்ஸ் புது ஊசியைப் பிரித்துக் கொடுத்தார்.

இந்தத் தடவை அவன் அவசரப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தடவினான். ஓரிடத்தில் நின்றான். மனசு ஒப்பாமல் அரை விரல்கடை தள்ளிப் போனான். ஊசி மெல்ல இறங்கியது. மெல்லிய குழாயில் சிவப்பு குபுக்கென்று ஏறியது.

"கெடச்சிடுச்சு" என்றான் மெதுவாக, உரக்கச் சொன்னால் நரம்பு ஓடிவிடும் என்பதுபோல.

பெரியவர்களுக்கே இவ்வளவு சீக்கிரம் கை படியாது என்றார் நர்ஸ். இன்னொரு தடவை இதேபோல் செய்துவிட்டால் முகாம் படிவத்தில் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார் என்றார். அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. திங்கட்கிழமை அலுவலகத்தில் யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்று மனசு வரிசை கட்ட ஆரம்பித்துவிட்டது.

நர்ஸ் ஊசியை உருவி, தப்பெல்லாம் என்னோடு போகட்டும், பிள்ளை முதலில் என் நரம்பிலேயே பழகட்டும் என்று காலையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கையில் மூன்றாவது பிளாஸ்திரியை ஒட்டினார்.

மகன் தன் சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றிக்கொண்டே சொன்னான்: "இனிமே என் கையில நானே போட்டுக்கறேன். நீ வெளியில போய் ஒரு காபி குடிச்சிட்டு வாம்மா."