வீட்டிலிருந்தே கற்கலாம்

மாஸ்டர் சுழன்று விட்ட உதையில் சுவர்க் கடிகாரம் நொறுங்கி விழுந்தது. கணினித் திரையில் ஆறு பெண்கள் கைதட்டினார்கள். ஏழாவது கட்டம் மட்டும் வழக்கம்போல இருட்டாகவே இருந்தது.

மனைவி துடைப்பத்தோடு ஓடி வந்தாள். "பார்த்து உதைக்கக் கூடாதா? போன வாரம்தான் ஃபேன் போச்சு!"

திரையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாஸ்டர் இடது கையை நீட்டி மைக்கை அணைத்தார். "கிளாஸ் முடியட்டும், பேசிக்கறேன்."

அவள் சில்லுகளை அள்ளிக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாஸ்டர் மைக்கை மறுபடி போட்டார்.

பெண்களுக்கான தற்காப்பு வகுப்பை வீட்டுக்கே கொண்டுவந்ததில் மாஸ்டருக்குப் பரம சௌகரியம். அலைச்சல் இல்லை. மேலே சீருடை, கீழே பழைய அரைக்கால் சட்டை. உயர உதைத்தால்தான் குட்டு வெளிப்படும். வெளியே வர முடியாத பெண்களும் சேர்ந்தார்கள். குடும்பம் காலில் இடறுவது ஒன்றுதான் தொல்லை.

ஏழாம் நம்பர் முகம் காட்டாது, பேசாது. எழுதி அனுப்புவதோடு சரி. இன்று எழுதியது: "மாஸ்டர், அவர் இடது கையால கழுத்தை நெரிச்சா என்ன செய்யணும்?"

"யாரும்மா அவரு?"

அடுத்த வரி திரையில் வந்தது: "போன தடவை சுவத்துல என் தலையை மோதினார். காதுல ரத்தம். அடுத்த தடவை பிழைப்பேனான்னு தெரியல."

மாஸ்டருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. "சுண்டுவிரலைப் பிடிச்சுப் பின்னாடி ஒடிச்சிடு. வலியில குனிவான். முழங்காலை மூக்குல ஏத்து. அந்த மிருகத்துக்குப் பாவமே பார்க்காதே. அட்ரஸ் சொல்லும்மா, நானே வந்து நாலு சாத்து சாத்தறேன்!"

"வேண்டாம் மாஸ்டர். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

வகுப்பு முடிந்தது. மாஸ்டர் எல்லோருக்கும் கைகூப்பிவிட்டுத் திரையை மூடினார். அடுத்த உதை சமையலறைக் கதவுக்கு.

"நாலு பேர் முன்னாடி என் மானத்தையா வாங்கற?" மனைவியின் கழுத்தை எட்டிப் பிடித்து அப்படியே சுவரோடு தள்ளினார்.

மறுகணம் அவர் தரையில் கிடந்தார். மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் வெள்ளைச் சீருடையை நனைத்துக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் தனக்குச் சம்பந்தமே இல்லாத திசையைப் பார்த்தது.

"யா... யாருடி உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

கழுத்தைத் தடவிக்கொண்டே மூச்சு வாங்கினாள் அவள்.

"நீங்கதான், மாஸ்டர்."