எழுதியவர்: சக்ரபாணி

"என் பேரே இல்லை அக்ஷதா! எட்டு மாசம் உழைச்சது நான். 'எழுதியவர்: சக்ரபாணி'ன்னு போட்டிருக்கு!"

அமீர்பேட் ஹாஸ்டல் அறையில், கம்ப்யூட்டரை உடைத்துவிடுவதுபோல் முறைத்தாள் ஜலஜா.

உலகம் பூராவும் பலபேர் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதி, இலவசமாகக் கொடுக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் அது. கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் நெட்வொர்க் பகுதி மட்டும் அரதப்பழசு. ஆபீஸ் போக மிச்ச நேரமெல்லாம் உட்கார்ந்து, அதை அடியோடு தூக்கிவிட்டுப் புதிதாக எழுதியவள் ஜலஜா. சரிபார்த்து உள்ளே சேர்க்கும் அதிகாரம் அதே ஊரில் சைனிக்புரியில் இருக்கும் சக்ரபாணியிடம் இருந்தது.

வியாழக்கிழமை புதிய பதிப்பு வெளியாகிவிட்டது.

"'பிரமாதம் ஜலஜா'ன்னு மெயிலுக்கு மெயில் புகழ்ந்த மனுஷன்டி!"

அக்ஷதா செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள்; அவள் தமிழில் பாதி அந்த ஊர் உருது. "கைக்கு, ஏன் சும்மா இருக்கே? போன்லாம் நக்கோ, வேணாம். நேர்ல போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேளு."

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினாள். வழியெல்லாம் ஒத்திகை. "உங்களுக்கு வெட்கமா இல்லை?" என்று சத்தமாகவே சொல்லிப் பார்த்ததில், பக்கத்து சீட்டு அம்மாள் எழுந்து வேறு இடம் போய்விட்டாள்.

கதவைத் திறந்தது சக்ரபாணியின் மனைவி ப்ரியா.

"சார் இருக்காரா?"

"உள்ளே திட்டு வாங்கிட்டிருக்கார். வாங்க."

"யார்கிட்ட?"

"இப்போ பிரேசில். ஜெர்மனி காலையிலேயே முடிஞ்சுது."

மூன்று நாள் தாடியோடு உட்கார்ந்திருந்த சக்ரபாணி, ஜலஜாவைப் பார்த்ததும் பதறிப்போய் மானிட்டரை அணைக்கப் பார்த்தார். அதற்குள் மேலே இருந்த ஒன்றிரண்டை அவள் படித்துவிட்டாள். நானூற்றுப் பன்னிரண்டு மெயில்கள்.

'எங்கள் காலேஜ் முழுக்க நெட் போச்சு. இதை எழுதிய கையை உடைக்கணும்.'

'சக்ரபாணி என்பது ஆளா, வைரஸா?'

ஒத்திகை பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டு, ஜலஜா மானிட்டர் பக்கம் குனிந்தாள்.

"நான்... நான் எழுதின புரோகிராம் கோடாலயா சார்?"

"உங்க கோடு அருமையான கோடு. பழைய நெட்வொர்க் கார்டு வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும் தகராறு. நானும் டெஸ்ட்ல கவனிக்கலை. பாதி சரி பண்ணியாச்சு."

"இவர் முதல்முதலா எழுதினப்பவும் இதே கூத்துதான்" என்றாள் ப்ரியா, காபியை நீட்டியபடி. "திட்டு தாங்காம ஆறு மாசம் கம்ப்யூட்டர் பக்கமே தலைவெச்சுப் படுக்கலை."

ஜலஜா காபியை வாங்கிக்கொள்ளவில்லை.

"இருக்கட்டும். அதுக்காக என் பேரை எடுக்கலாமா சார்? எழுதினவ நான்தானே?"

சக்ரபாணி தலையைச் சொறிந்தார். பிறகு, இன்னும் வெளியிடாத ஒரு திருத்தத்தைத் திறந்து காட்டினார். முழு வேலையும் ஜலஜாவுடையது, தனக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்று அதில் எழுதி, அடுத்த மாதத் தேதி போட்டிருந்தார்.

"எதைப் புதுசா போட்டாலும் முதல் மாசம் வர்றது திட்டு மட்டும்தாம்மா. அது வரைக்கும் என் பேர் இருக்கட்டும், பாராட்டு வர ஆரம்பிச்சதும் உங்க பேரைப் போட்டுடலாம்னு நினைச்சேன்."