விட்டுப்போன விகுதி

மூன்றாவது அத்தியாயத்தில் ‘அண்ணன்’ என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று கணினியை எண்ணச் சொன்னார் பெரியவர். திரையின் அடியில் பூஜ்யம் என்று வந்தது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனாலும் சந்தேகம் விடவில்லை. அப்படித் தேடினால் ‘அண்ணனை’, ‘அண்ணனுக்கு’ எல்லாம் நழுவிவிடும் என்பது காலமெல்லாம் புத்தகம் வடிவமைத்தவருக்குத் தெரியாதா? வாலை வெட்டிவிட்டு ‘அண்ண’ என்று மட்டும் அடித்தார். அப்போதும் பூஜ்யம்தான்.

புத்தகம் தம்பியுடையது. கால்நடை மருத்துவர், தன் வாழ்க்கையை எழுதி, வடிவமைக்கச் சொல்லி அண்ணனான இவர் கையிலேயே கொடுத்திருந்தார். மற்ற அத்தியாயங்களில் பக்கத்துக்குப் பக்கம் அண்ணன் புராணம்: படிக்க வைத்த அண்ணன், சைக்கிள் வாங்கிக் கொடுத்த அண்ணன். இந்த மூன்றாவது அத்தியாயம்தான் வலது கையில் இரண்டு விரல் போன கதை.

அன்று கோபத்தில் கதவை அறைந்து சாத்தியது அண்ணன். இடுக்கில் தம்பியின் கை இருந்தது. “காத்துல சாத்திக்கிச்சும்மா” என்று அவர் புளுகியதை அம்மா இன்றுவரை நம்புகிறார். புத்தகத்தின் முதல் பிரதி அம்மாவுக்குத்தான் போகப்போகிறது.

அத்தியாயத்தை வரிவரியாகப் படித்தார். ‘நான் கதவை அறைந்து சாத்தினார்’ என்று ஓரிடத்தில் இருந்தது. ‘சாத்தினேன்’ என்று திருத்தினார். பாவம், அப்போது சின்னப் பிள்ளை, தானே சாத்திக்கொண்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறான்.

தப்பித்தோம் என்ற நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அவன் மறந்துபோனதில் குளிர்காய்கிறோமே என்று உடம்பெல்லாம் கூசியது.

“என்னண்ணா, நிறைய பிழையா?” இரண்டு கையிலும் டீ கிளாஸோடு தம்பி உள்ளே வந்தார்.

“ஒண்ணே ஒண்ணுதான். மூணாவது அத்தியாயத்துல ‘நான் சாத்தினார்’னு இருந்துச்சு, திருத்திட்டேன். மாட்டுக்கு ஊசி போடறவனுக்கு இலக்கணம் எதுக்குன்னு விட்டுட்டியாக்கும்?”

கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று வாய்வரைக்கும் வந்தது.

“டேய், அன்னைக்கு அந்தக் கதவு...”

“டீ ஆறுதுண்ணா.” கிளாஸை அவர் கையில் வைத்த தம்பி, திரையை எட்டிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அம்மா படிப்பாங்களேன்னு, ‘அண்ணன்’னு எழுதின இடத்துலெல்லாம் ‘நான்’னு மாத்தினேன். அந்த ஒரு ‘ஆர்’ மட்டும் விட்டுப்போச்சுண்ணா.”