நாக்கு வழிக்கும் சத்தம்

"நாக்கை வழிக்கிறாரா, தோலை உரிக்கிறாரா அந்த மனுஷன்?"

மூன்றாவது மாடி அம்மாள் கேட்டது நியாயமான கேள்விதான். குடியிருப்பின் செக்ரட்டரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

தினமும் விடிந்ததும் இரண்டாவது மாடி கண்டக்டர் வீட்டுக் குளியலறையிலிருந்து அது கிளம்பும். அடிவயிற்றில் புறப்பட்டு, தொண்டையில் சற்றுத் தங்கி, "ஓ...வ்வாக்" என்று வெளியேறும். எல்லா வீட்டுக் குளியலறை ஜன்னலும் ஒரே சந்துப் பக்கமாக இருந்ததால், பாரபட்சமில்லாமல் எல்லோருக்கும் கேட்கும்.

நாக்கு வழிப்பது அரை நிமிஷ வேலை. உள்ளிருந்து முன்பக்கமாக மெல்ல இழுத்து, கொப்பளித்துத் துப்பினால் முடிந்தது. கண்டக்டர் அதைக் கால் மணி நேரம் செய்தார்.

"என் மருமக வாயும் வயிறுமா இருக்கா. இதைக் கேட்டு அவளும் சேர்ந்து ஓங்கரிக்கிறா. பல் விளக்கவே பயப்படறா."

"சொல்லிப் பார்க்கறேம்மா."

"நீங்க சொல்லிக் கிழிச்சது போதும். வீட்டுக்காரர்கிட்ட நானே பேசிட்டேன். சத்தம் நிக்கலைன்னா மாசக் கடைசியில காலி பண்ணணுமாம். அதையாவது போய்ச் சொல்லிடுங்க."

செக்ரட்டரி பதவிக்குச் சம்பளம் கிடையாது. இந்த மாதிரி மரியாதைகள்தான் உண்டு.

அவர் சொல்லாமல் இல்லை. முதலில் ஜாடையாகச் சொன்னார். அப்புறம், ஓரம் மழுங்கிய, உறுத்தாத ஒரு டங் கிளீனரைக் கைக்காசில் வாங்கிக் கொடுத்தும் பார்த்தார். "ரொம்ப நன்றி சார், குறைச்சுக்கறேன்" என்று கண்டக்டர் பணிவாக வாங்கிக்கொண்டார். மறுநாள் சத்தம் கூடியிருந்தது.

இந்தத் தடவை கையும் களவுமாகப் பிடித்தே சொல்லிவிடுவது என்று, காலையில் சத்தம் ஆரம்பித்ததும் செக்ரட்டரி படியேறினார்.

கதவைத் திறந்தவள் கண்டக்டரின் மகள். பள்ளி இறுதிப் பரீட்சைக்குப் படிக்கிறவள். கையில் புத்தகம், காதில் பஞ்சு.

"அப்பா எங்கம்மா?"

"ஊருக்கே கேக்குது, உங்களுக்குக் கேக்கலையா அங்கிள்?" என்றவள், குளியலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "போதும்ப்பா. நாளைக்கு வழிக்கவும் கொஞ்சம் நாக்கு மிச்சம் இருக்கட்டும்."

பெற்ற அப்பனிடம் இப்படியா பேசுவது என்று செக்ரட்டரிக்குச் சுருக்கென்றது.

"அம்மா?"

"சமையல்கட்டுல இருப்பாங்க" என்றாள் புத்தகத்தைப் பார்த்தபடி. சமையல்கட்டில் விளக்குகூட எரியவில்லை.

செக்ரட்டரி விடுவிடுவென்று போய்க் குளியலறைக் கதவைத் தட்டினார். தாழிடாத கதவு தானே திறந்துகொண்டது.

கண்டக்டர் சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். நாக்கு வழிக்கவில்லை. செக்ரட்டரி கொடுத்த டங் கிளீனர் உறைகூடப் பிரிக்காமல் கண்ணாடிக்குக் கீழே கிடந்தது. கண்டக்டரின் கை, கழிப்பறைக் கோப்பையைப் பிடித்துக் குனிந்திருந்த மனைவியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது. எந்நேரமும் தலைக்குக் குளித்தவள்போல் அந்த அம்மாள் சுற்றியிருக்கும் துண்டு நழுவித் தரையில் கிடந்தது. தலையில் ஒரு முடிகூட இல்லை.

அவள் குமட்டும்போதெல்லாம் அவர் அதைவிட உரக்க "ஓ...வ்வாக்" என்றார்.

செக்ரட்டரியைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தார். கதவை ஒருக்களித்துத் தலையை மட்டும் நீட்டினார்.

"மருந்து ஏத்தறாங்க சார். ஏத்தினா இப்படித்தான். பொண்ணுக்குத் தெரியாது."

"ஏன் சொல்லலை?"

"பரீட்சை முடியட்டும்னு இவ சத்தியம் வாங்கிட்டா. அதுவரைக்கும் இவ இருப்பாளான்னு கேட்டா டாக்டர் பேச்சை மாத்தறார்." உள்ளே மறுபடி குமட்டல். "ஒரு நிமிஷம் சார்" என்று போய், கத்திவிட்டு வந்தார். "ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்லை. தண்ணி மோட்டார் மக்கர் பண்ணுது. ரெண்டு வாளி பிடிச்சு வெச்சுக்குங்க."

மோட்டார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வாசல் வரை வந்த மகள், கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றாள்.

"காலி பண்ணச் சொல்லத்தானே வந்தீங்க அங்கிள்? மூணாவது மாடி ஆன்ட்டி படியில நின்னு எல்லார்கிட்டயும் சொல்றாங்க."

"யாரும் எங்கேயும் போக வேண்டாம். வீட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன். நீ போய்ப் படி." ஒன்றும் தெரியாத பெண்ணுக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று செக்ரட்டரி சிரித்து வைத்தார். "அப்பாவை மட்டும் கொஞ்சம் மெதுவா நாக்கு வழிக்கச் சொல்லும்மா."

அவள் காதிலிருந்த பஞ்சை எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள்.

"மெதுவா வேண்டாம் அங்கிள். அப்பா சத்தம் குறைஞ்சா, எனக்குக் கேட்டுடுமேன்னு அம்மா வாயைப் பொத்திக்கிட்டு வாந்தியை அடக்கிக்கிறாங்க."